காது கேளாத பெற்றோரும் காது கேட்கும் பிள்ளையும்

கடந்த பெரும்போகத்தின்போது மொனராகலை மாவட்டத்தில் ஒரு குடியேற்றத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. மண்சரிவு அபாயத்தினால் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயங்களை விட்டு வந்து, இப்போது சோளமும் கௌபியும் செய்து வாழும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. சோளம் முற்றினால் அது யானைக்கும் தெரிந்துவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வீட்டுக்கு ஒருவர் பரணில் காவல் இருந்தார்கள். ஒரு பரணில் மட்டும் தகப்பனோடு பத்து வயது மகனும் இருந்தான். தகப்பனின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை பையனின் கையில். தகப்பன் பிறவியிலேயே காது கேளாதவர், தாயும் அப்படியே. காட்டோரத்தில் கிளை முறியும் சத்தம் கேட்டால் பையன் கயிற்றை இழுப்பான். தகப்பன் எழுந்து யானை வெடியைக் கொளுத்துவார்.

மறுநாள் காலை அவன் படிக்கும் பாடசாலைப் பக்கம் போனேன். "அந்தப் பையனா? வகுப்பில் எந்நேரமும் தூக்கம். சரியான சோம்பேறி" என்றார் ஓர் ஆசிரியை. அவர் கெட்டவர் அல்லர். கயிற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இக்கட்டுரை அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் நம் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வரும் தாயின் பக்கத்தில் நின்று பேசுவது அந்தப் பிள்ளைதான். கடையில் கணக்குக் கேட்பதும் அதுதான். "கெட்டிக்காரப் பிள்ளை" என்று பாராட்டிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். அந்தக் கெட்டித்தனத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை என்ன என்று நாம் கேட்பதில்லை.

பிள்ளைக்கு எப்படிக் காது கேட்கிறது?

"தாய்க்கும் தகப்பனுக்கும் கேட்காது, பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?" என்று பலர் வியக்கிறார்கள். உண்மையில் இது அபூர்வமல்ல. காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் காது கேட்பவர்களே. காரணம் எளிது. சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலாலோ, தாய் கர்ப்பமாயிருந்தபோது கண்ட ருபெல்லா நோயினாலோ செவிப்புலனை இழந்த ஒருவரிடமிருந்து அது பிள்ளைக்கு இறங்குவதில்லை. பரம்பரையாக வரும் செவிப்புலன் குறையிலும், பெரும்பாலான வகைகளில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே விதமான மரபணுக் குறை வந்து சேர்ந்தால்தான் பிள்ளை பாதிக்கப்படும். நெருங்கிய இரத்த உறவில் திருமணம் செய்யும்போது இந்த வாய்ப்புக் கூடுகிறது. எவ்வாறாயினும் அத்தகைய வீட்டில் குழந்தை பிறந்தால் ஆரம்பத்திலேயே செவிப்புலனைப் பரிசோதிக்கும்படி கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

கைகளின் மொழி

இரண்டாவது கேள்வி: "பேசாத வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பேச்சு வருமா?" இதற்கு விடை காண, முதலில் அந்த வீடு மொழியில்லாத வீடு அல்ல என்பதை உணர வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் காது கேளாதோருக்கு இலவசப் பாடசாலை நடத்திய குருவானவர் டி லெப்பே, அவர்கள் தமக்குள் பயன்படுத்திய சைகைகளைக் கற்றே அவர்களுக்குக் கல்வி புகட்டினார். அமெரிக்கரான வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் வெளியிட்ட ஆய்விலே, சைகை மொழிக்கும் மற்ற மொழிகளைப் போலவே ஒழுங்கான அமைப்பு உண்டு என்று காட்டினார். அது வெறும் கையாட்டல் அல்ல.

குழந்தையும் அதை மொழியாகவே ஏற்றுக்கொள்கிறது. 2001இல் லோரா பெட்டிட்டோ என்ற அறிஞரும் அவரது குழுவினரும், சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் காது கேட்கும் கைக்குழந்தைகளின் கை அசைவுகளை அளந்து பார்த்தார்கள். நம் வீட்டுக் குழந்தை "ப்பா, ப்பா" என்று மழலை பேசுவதைப் போல, அக்குழந்தைகள் கைகளால் மழலை பேசுவதைக் கண்டார்கள். பால், அம்மா, வா என்பவற்றை அக்குழந்தை கையால் சொல்லும்போது அது தன் தாய்மொழியைத்தான் பேசுகிறது.

வாய்ப்பேச்சு எங்கிருந்து வரும்? பாட்டி, சித்தப்பா, அடுத்த வீட்டு அக்கா ஆகியோர் நேரே பேசுவதிலிருந்து வரும். தொலைக்காட்சிப் பெட்டி அந்த வேலையைச் செய்யாது. 1981இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. காது கேளாத பெற்றோரின் பிள்ளையான ஒரு சிறுவனுக்கு அவர்கள் சைகை மொழியைக் கற்றுக்கொடுக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசப் பழகட்டும் என்று விட்டிருந்தார்கள். மூன்றே முக்கால் வயதிலும் அவனுடைய பேச்சு ஒழுங்கில்லாமல் இருந்தது. பெரியவர்கள் அவனோடு முறையாக உரையாடத் தொடங்கிய பின்னரே அது விரைவாகச் சீரடைந்தது. ஆகவே பெற்றோர் தங்கள் சைகையைப் பிள்ளையிடமிருந்து மறைக்கக் கூடாது. அயலவர்கள் பிள்ளையோடு வாய் திறந்து பேச வேண்டும். இரண்டும் கிடைத்தால் பிள்ளை இரண்டு மொழிக்காரனாக வளரும்.

தோளில் ஏறும் சுமை

மொழிபெயர்ப்பதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. அம்மாவுக்கு உதவுவது நம் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். விறகு சுமக்கிற பிள்ளையைப் பார்த்து நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் நெல் மூட்டையைச் சுமக்கச் சொல்வோமா? இங்கேயும் பாரம் எவ்வளவு என்பதே கேள்வி. கடையில் ஒரு கிலோ சீனி கேட்பது விறகு. வைத்தியசாலையில் தாயின் நோயைத் தாய்க்குச் சொல்வது நெல் மூட்டை.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி தாயோடு கிளினிக்குக்குப் போனாள். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார்கள். அவள் அதைத் தன் மனதுக்குள் தமிழாக்கி, பின்னர் கைக்குக் கொண்டுவர வேண்டும். அவள் தாயிடம் "ஒன்றுமில்லை, மாத்திரை போதும்" என்று சைகை காட்டிவிட்டாள். இரண்டு மாதம் கழித்தே விடயம் வெளிவந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சொன்னா அம்மா அழும் சாமி. அதான் சொல்லல" என்றாள். அந்த இரண்டு மாதமும் அவள் எப்படித் தூங்கினாளோ! பிழை அவளுடையதல்ல. அந்தச் செய்தியை ஒரு சிறுபிள்ளையின் கையில் கொடுத்தவர்களுடையது.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. இச்சம்பவத்தின் பின், "பிள்ளையை விடுதியில் சேர்த்துவிடுவோம், நிம்மதியாகப் படிக்கட்டும்" என்று அந்தத் தாய்க்கு நான் ஆலோசனை சொன்னேன். அதை மொழிபெயர்க்கச் சொன்னதும் அந்தச் சிறுமியிடமே! அவள் கை அசைந்து முடிவதற்குள் தாய் அவளது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அன்று எனக்குப் புரிந்தது: சுமையை இறக்கச் சொன்னால் நான் பிள்ளையின் தாயை அல்லவா இறக்கப் பார்த்தேன்! தாய்க்குக் காது கேளாமை அந்தப் பிள்ளையை வருத்தவில்லை. சுற்றியிருந்த பெரியவர்களாகிய நாம் யாரும் அந்தத் தாயோடு பேசக் கற்றுக்கொள்ளாததே வருத்தியது.

இந்தச் சுமை பெரும்பாலும் மூத்த பிள்ளைமீது, அதிலும் பெண்பிள்ளைமீது விழுகிறது. அமெரிக்காவில் போல் பிரெஸ்டன் என்பவர், தாமே இத்தகைய பெற்றோரின் பிள்ளையாக இருந்து, வளர்ந்து பெரியவர்களான 150 பேரைச் சந்தித்து அவர்களது கதைகளை 1994இல் நூலாக்கினார். பெற்றோர்மீது கொண்ட பாசத்தையும், இரு உலகங்களுக்கு நடுவில் நின்ற களைப்பையும் அவர்கள் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். அந்த நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்கென 1983இல் மில்லி பிரதர் என்ற பெண்மணி ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயரின் சுருக்கமே "கோடா".

இடம்பெயரும்போது நடப்பது

இனி, உங்களுக்கு மிகவும் நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் காது கேளாதோருக்கான பாடசாலைகள் புதியவை அல்ல. இரத்மலானையில் 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி முதலாவது பாடசாலையைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் 1956இல் நஃபீல்ட் பாடசாலை உருவானது. ஆயினும் ஊவாத் தோட்டங்களிலிருந்து இவை வெகுதூரம். போர்க்காலத்தில் கைதடி இன்னும் தூரமாயிற்று. ஆகவே தோட்டங்களில் பிறந்த காது கேளாதோரில் பலர் பாடசாலையையே காணவில்லை. எழுதவும் தெரியாது, நாட்டின் பொதுச் சைகை மொழியும் தெரியாது. அவர்களுக்கு இருப்பது வீட்டிலும் லயத்திலும் உருவான சைகைகளே.

அந்தச் சைகைகள் அந்த இடத்துக்கே உரியவை. மீசையை முறுக்கினால் கங்காணி. இரு விரலால் கிள்ளிக் காட்டினால் கொழுந்து வேலை. நெற்றியில் கைவைத்தால் துரை. பத்து வீட்டு லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பிரட்டுக்களத்தில் பேர் போடவும் கடையில் சாமான் வாங்கவும் அது போதும். ஆனால் குடும்பம் இடம்பெயர்ந்தவுடன் என்ன நடக்கிறது? நமக்கு வீடும் மரமும் போகின்றன. அவர்களுக்கு மொழி தெரிந்த ஊரே போய்விடுகிறது. புதிய அயலில் அந்தச் சைகைகளை அறிந்த ஒரே ஆள் அவர்களுடைய பிள்ளைதான். நேற்றுவரை பத்து வீடு சுமந்ததை இன்று ஒரு பிள்ளை சுமக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதையுண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தப்பியவர்கள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். முகாம் வாழ்க்கை எத்தகையது என்பதை உங்களில் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். சாப்பாடு எப்போது, பதிவு எங்கே, எந்தப் பத்திரம் வேண்டும் என்பவை ஒலிபெருக்கியில்தான் அறிவிக்கப்படும். காது கேளாதவருக்கு வரிசை நகர்வது மட்டுமே தெரியும். மண்சரிவு எச்சரிக்கையும் அப்படித்தான். மழை இரவில் கதவைத் தட்டிப் "வெளியே வாருங்கள்" என்று கூவினால் அவ்வீட்டில் யாருக்குக் கேட்கும்? தூங்கும் பிள்ளைக்கு.

உலகம் கண்ட பிள்ளைகள்

இந்தப் பிள்ளைகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் பார்த்துவிடாதீர்கள். எட்வர்ட் மைனர் கலோடெட் என்பவரின் தாய் சோஃபியா காது கேளாதவர். மகன் 1857இல் வாஷிங்டனில் ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்றபோது தாயையே விடுதித் தலைவியாக அழைத்துச் சென்றார். 1864இல் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற அந்த நிறுவனமே, இன்று காது கேளாதோருக்கான உலகப் புகழ்பெற்ற கலோடெட் பல்கலைக்கழகம். நடிகை லூயிஸ் ஃபிளெச்சர் 1976இல் ஒஸ்கார் விருதைப் பெற்றபோது, காது கேளாத தம் பெற்றோருக்கு மேடையிலிருந்தே சைகை மொழியில் நன்றி சொன்னார்.

இந்தியாவில் 1996இல் வெளிவந்த "காமோஷி" என்ற ஹிந்தித் திரைப்படம், கோவாவில் இத்தகைய ஒரு குடும்பத்தில் வளரும் மகளின் கதை. 2022இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரைப் பெற்ற "கோடா" மீனவக் குடும்பமொன்றின் கதை. கடலில் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் காதாக இருக்கும் மகள் மேற்படிப்புக்குப் போக விரும்புகிறாள். போனால் படகு என்னாவது? வைத்தியரிடம் பெற்றோரின் அந்தரங்கத்தையும் அவளே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடல் வேறு, நம் சேனை வேறு. பிள்ளையின் நிலை ஒன்றே.

ஊரே சைகை பேசிய தீவு

அப்படியானால் வேறு வழியே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் மார்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு இருக்கிறது. விவசாயமும் மீன்பிடியும் செய்து வாழ்ந்த மக்கள். பரம்பரைக் காரணத்தால் அங்கே தலைமுறை தலைமுறையாகக் காது கேளாதோர் பிறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். அங்கே என்ன செய்தார்கள்? காது கேட்பவர்களும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்கள். கடையிலும் படகிலும் கூட்டத்திலும் எல்லோரும் கையாலும் பேசினார்கள். நோரா குரோஸ் என்ற ஆய்வாளர் 1985இல் இதை நூலாக எழுதினார். அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் தன் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராகத் தேவைப்படவில்லை. ஊரே அதைச் செய்தது. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களோ படித்தவர்களோ அல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் வலுக்குறைந்தோருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வலுக்குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் மூன்று பிரிவுகளை நினைவில் வைத்திருங்கள். 9ஆம் பிரிவு, சைகை மொழிபெயர்ப்பாளர் சேவையை ஏற்படுத்தும்படி அரசுக்குச் சொல்கிறது. 11ஆம் பிரிவு, அனர்த்த காலத்தில் அவர்களது பாதுகாப்பை வலியுறுத்துகிறது. 23ஆம் பிரிவு, பெற்றோரின் வலுக்குறைவைக் காரணமாக வைத்துப் பிள்ளையை அவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. இந்தக் கடைசிப் பிரிவை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் அயலில் காது கேளாதவர் இருந்தால் அவரிடமே இருபது சைகைகளைக் கேட்டுப் பழகுங்கள். தண்ணீர், காய்ச்சல், யானை, நெருப்பு, மழை, ஓடு, நாளை, காசு, பாடசாலை: இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் பழகக்கூடியவை.

2. பிள்ளை மொழிபெயர்த்தாலும் தாயின் அல்லது தகப்பனின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். "அம்மாட்ட சொல்லு" என்று பிள்ளைக்குக் கட்டளையிடாதீர்கள்.

3. நோய், காணி, கடன், பொலிஸ், வழக்கு ஆகியவற்றுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். சைகை புரிந்த உறவினர் தூரத்தில் இருந்தால் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச வைக்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள்.

4. மழைக்காலத்தில் அந்த வீட்டாரை எழுப்புவதற்கு ஒரு அயல் வீட்டைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். "யாராவது எழுப்புவார்கள்" என்றால் யாரும் எழுப்ப மாட்டார்கள். உள்ளே போய்த் தொட்டு எழுப்புவது எப்படி என்று முன்கூட்டியே அவர்களோடு பேசி வையுங்கள்.

5. ஆசிரியர்களே, பெற்றோர் கூட்டத்தில் வேறொரு பெரியவரைக் கொண்டு பேசுங்கள். கணக்கில் 28 புள்ளி எடுத்த பிள்ளையே அதைத் தாய்க்கு மொழிபெயர்த்தால், அது வீட்டுக்குப் போகும்போது 82 ஆகிவிடும்!

6. பெற்றோரே, உங்கள் பிள்ளை விளையாடப் போகட்டும். உங்கள் மொழி வெட்கப்பட வேண்டியதல்ல. அதைத் தாராளமாகப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

7. "ஊமை", "ஊமைச்சி மகன்" என்ற சொற்களை விட்டுவிடுவோம். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

அந்தப் பரணுக்குத் திரும்புவோம். நான் அங்கிருந்து வருமுன் மாதர் சங்கத்துப் பெண்களிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை போனபோது கயிறு இருந்தது, சற்று நீளமாக. அது அயல் சேனைக்காரரின் பரணிலிருந்து வந்து தகப்பனின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருந்தது. அயல்காரர் இரவில் சத்தத்தைக் கேட்கிறார். இருட்டிலும் கூர்மையாகப் பார்க்கக்கூடிய தகப்பன் அவருக்கும் சேர்த்துக் கண்ணாயிருக்கிறார். பையன் வீட்டில் தூங்குகிறான்.

கலந்துரையாடலுக்கு

- நம் குடியேற்றத்தில் பெற்றோருக்காகப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்களா? கடந்த மாதம் அவர்கள் எந்தெந்த இடங்களுக்குப் போனார்கள்?
- அவற்றில் எவற்றைப் பெரியவர்கள் பொறுப்பேற்கலாம்? யார், எப்போது?
- மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்த வீட்டாரை யார் தொட்டு எழுப்புவார்?
- நமக்கு எத்தனை சைகைகள் தெரியும்? அடுத்த கூட்டத்தில் அவர்களையே ஆசிரியர்களாக அழைப்போமா?